பழைய அறிவியல் ஏடுகளும் புதிய திரையும்

காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது மானகிரி. அவ்வூரிலிருந்து கோட்டையூருக்குச் செல்வோர் காரைக்குடி நகரைக் கடந்தே செல்லவேண்டும். அச்சிறு பயணத்திற்குள் தமிழில் அறிவியல் பயின்ற வரலாற்றின் மூன்று தடங்கள் அடங்கியுள்ளன. ஆய்வகம் ஒன்று எழும்புவதற்கு நிலமும் பொருளும் ஈந்தவர் ஒருவர். பழைய இதழ்களைத் தேடிப் படித்து, அரியவற்றை மீண்டும் அச்சேற்றியவர் ஒருவர். பிறர் வேண்டாமென ஒதுக்கிய தாள்களையெல்லாம் வீட்டிற்குள் கொண்டுவந்து அடுக்கியவர் ஒருவர். மூவரும் கோட்டையூரினர்: வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957), ஏ. கே. செட்டியார் (1911–1983), 1992இல் மறைந்த ரோஜா முத்தையா செட்டியார். முதலாமவரை நாடறியும். இரண்டாமவரைப் பயண இலக்கியம் படிப்போர் அறிவர். மூன்றாமவரை நெடுங்காலம் ஆய்வாளர் சிலரே அறிந்திருந்தனர்.

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்ததன் பயனாக, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு நேரு காரைக்குடியில் அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கலன்று, ஜனவரி 14இல், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். வானம் பார்த்த செம்மண் பூமியில் அத்தகைய ஆய்வகம் எழுந்தமை பலமுறை பேசப்பட்ட செய்தி. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அதே மண்ணில் மற்றிருவர் செய்த பணியே அதிகம் பேசப்படாதது. கருவிகளால் ஆகும் அறிவியலுக்கு அழகப்பர் இடம் கொடுத்தாரெனின், சொற்களால் ஆகும் அறிவியலுக்கு அவ்விருவரும் இடம் கொடுத்தனர் எனலாம்.

ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றவர். உலகெங்கும் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி 1940இல் காந்தியடிகள் பற்றிய ஆவணப் படத்தை வெளியிட்டவர். அவர் 1943 முதல் நடத்திய 'குமரி மலர்' இதழ், புதியன வெளியிடுவதோடு நில்லாமல், பழைய இதழ்களில் புதைந்து கிடந்த கட்டுரைகளையும் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தது. நேற்றைய நாளிதழைப் பொட்டலம் மடிக்கும் தாளாகவே கண்ட காலத்தில், ஐம்பதாண்டுக்கு முந்தைய கட்டுரையொன்றைப் படிக்கத்தக்கதென்று மீண்டும் அச்சிட்டமை துணிவான செயலே.

ரோஜா முத்தையா இளமையில் சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகம் வாங்குவோர்க்கு அக்காலத்தில் மூர் மார்க்கெட்டே புகலிடம். 1985இல் அது தீக்கிரையாயிற்று. அங்கெல்லாம் தொடங்கிய அவரது வேட்டை, ஊர் திரும்பிய பின்னரும் ஓயவில்லை. இலக்கியம், நாடகம், பாட்டுப் புத்தகம், மருத்துவம், சோதிடம், விளம்பரத் துண்டுத்தாள், அழைப்பிதழ் என உயர்வு தாழ்வு கருதாமல் அவர் திரட்டியவை ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள். அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் அத்தொகுப்பு காக்கப்பெற்று, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. நுண்படமாகப் பதிவான அதன் ஏடுகள் பின்னர் கணினிப் பதிவுகளாயின. கோட்டையூர் வீட்டில் அடுக்கப்பட்ட தாள் உலகின் மறுகோடியில் இருப்பவர்க்கும் எட்டும் பொருளாயிற்று.

எட்டுவது வேறு, கிட்டுவது வேறு. இக்கட்டுரை ஆராயப் புகுவது அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவையே.

ஒரு வால்மீனின் பெயர்கள்

மானகிரியில் பத்தாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, ஹாலி வால்மீன் பற்றித் தமிழர் அக்காலத்தில் என்ன அறிந்திருந்தனர் எனக் காண விரும்புகிறாள் எனக் கொள்வோம். கையிலுள்ள அலைபேசியில் 'வால்மீன்' எனத் தட்டுகிறாள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை உடனே வருகிறது. பாடநூல் வருகிறது. அண்மைக் காலச் செய்திகள் வருகின்றன. 1910ஆம் ஆண்டின் தமிழ் மட்டும் வருவதில்லை. அது இல்லாமற் போகவில்லை. அது 'வால்மீன்' என்னும் பெயரில் இல்லை.

அவ்வாண்டு அவ்விண்பொருளைத் தமிழில் பாடியவர் பாரதியார். 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்பது அப்பாட்டின் தலைப்பு. இத்தலைப்பின் முதற்சொல்லே இன்றைய இளைஞரைத் தடுக்கி விழச் செய்யும். 'சாதாரண' என்பது எளிய, வழக்கமான என்னும் பொருளில் வந்ததன்று. அறுபதாண்டு வட்டத்துள் 1910 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் பெயர் அது. ஆகவே தலைப்பிலேயே நாள் குறித்த செய்தி அப்பாட்டு. பாட்டினுள்ளும் அக்கால அறிவியற் செய்தி அப்படியே இடம்பெற்றுள்ளது. எழுபத்தைந்து ஆண்டுக்கொருமுறை அது வருவதும், அதன் நெடுவால் மிக மெல்லிய வாயுவால் ஆனதென்பதும், அவ்வால் பூமியைத் தீண்டினும் இடர் விளையாதென அறிந்தோர் கூறுவதும் அதில் உள்ளன.

அந்த இறுதிச் செய்தியின் அருமை, அவ்வாண்டின் உலகச் செய்திகளோடு சேர்த்துப் படித்தாலன்றி விளங்காது. 1910ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹாலியின் ஒளியைப் பகுத்தாய்ந்த வானியலார், அதில் சயனோஜன் என்னும் நச்சு வாயுவின் தடயம் கண்டனர். மே மாதம் 19ஆம் நாளையொட்டிப் பூமி அவ்வாலினூடே கடந்து செல்லுமென்பதும் கணிக்கப்பட்டிருந்தது. இரு செய்திகளும் இணைந்தமையால் மேனாடுகளில் பெரும் பீதி பரவிற்று. கதவிடுக்குகளை அடைத்தனர் சிலர். வால்மீன் நஞ்சை முறிக்கும் மாத்திரையென விற்றவர்க்கு நல்ல வருவாய் கிட்டிற்று! வானியலாருள் பெரும்பாலோர், வால் வெறுமைக்கு நிகரான மென்மை உடையதாதலால் தீங்கில்லை என்றனர். அவர்கள் சொன்னவாறே அந்நாளும் கழிந்தது. புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த கவிஞர் ஒருவர், உலகம் நடுங்கிய செய்தியில் பீதியை விலக்கி, சரியான பாதியைத் தேர்ந்து பாட்டில் வைத்துள்ளார். இஃது அவருடைய கற்பனை வளத்தினும் அவருடைய செய்தி வாசிப்பிற்குச் சான்று.

அப்பாட்டு அத்துடன் நிற்கவில்லை. முன்னோர் நூல்களை இந்நாட்டினர் மறந்து பன்னூறாண்டு ஆயிற்றென்றும், இவ்விண்பொருளின் இயல்பைப் பிறநாட்டார் சொல்லக் கேட்டே அறிய நேர்ந்ததென்றும் கவிஞர் வருந்துகிறார். மறந்த நூல்களைப் பற்றிய அவ்வருத்தம், இன்று அவருடைய காலத்துச் சொற்களுக்கே பொருந்துமாறு காலம் திரும்பியிருக்கிறது. தூமகேது, வால்வெள்ளி, வால்நட்சத்திரம், வால்மீன் எனப் பெயர்கள் மாறி வந்துள்ளன. இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் சிலப்பதிகாரம் அதனைப் 'புகைக்கொடி' என்றது. வடசொல்லான தூமகேதுவும் புகையைக் கொடியாக உடையது என்றே பொருள்படும். ஒரே காட்சியை இரு மொழிகள் ஒரே உவமையால் கண்டுள்ளன. இவ்வுறவு கற்றவர்க்குத் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது. அது எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுவது. பொருளைப் பொருளோடு ஒப்பிட இப்பொழுதுதான் தட்டுத்தடுமாறிக் கற்று வருகிறது.

சொல் மாறிய வரலாறு

தமிழில் அறிவியற் சொல் ஏன் இவ்வளவு மாறிற்று என்பது தனி நூலுக்குரிய பொருள். இன்றியமையாத சிலவற்றை மட்டும் சுட்டலாம்.

யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்க்கு 1860களில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அதற்கெனப் பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். உடலமைப்பை 'அங்காதிபாதம்' என்றும், உடலியக்கத்தைச் 'சுகரணவாதம்' என்றும் பெயரிட்டார். 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்பது பெயர். 'கெமிஸ்ட்ரி' என்னும் ஒலியை ஏற்று, 'அம்' ஈறு கூட்டித் தமிழ்ச் சொல்லாக்கிய துணிவு வியக்கத்தக்கது. 1884இல் அவர் மறைந்தார். இச்சொற்களும் வழக்கொழிந்தன. இன்று நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் போன்ற தொகுப்புகளின் வழி ஈழத்துப் பழைய நூல்களை எவரும் திறந்து பார்க்கலாம். 2005இல் ஈழத்துத் தன்னார்வலர் தொடங்கிய முயற்சி அது. யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் எரிந்த 1981ஆம் ஆண்டை நினைவிற் கொண்டால், அதன் அருமை தனியே எடுத்துரைக்க வேண்டுவதன்று. ஆயினும் 'வேதியியல்' எனத் தேடுபவர்க்குக் 'கெமிஸ்தம்' புலப்படுமோ?

தமிழகத்தில், 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல் ஆக்கத்திற்கென ஓர் அமைப்பு கண்டு இதழும் நடத்தினர். இராஜாஜி பின்னர் 'திண்ணை இரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். நூலின் பெயரிலேயே இரசாயனம் திண்ணைக்கு வந்துவிட்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்டுத் தனித்தமிழ்ச் சொற்களுக்கு வழிகோலிற்று. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழுவோ வடசொற் பக்கம் சாய்ந்தமையால் தமிழறிஞரிடையே பெருங்கிளர்ச்சி எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பௌதிகம் இயற்பியலாகவும், இரசாயனம் வேதியியலாகவும், வான சாஸ்திரம் வானியலாகவும் பாடநூல்களில் நிலைபெற்றன. பிராணவாயு உயிர்வளியாகி, பின்னர் ஆக்சிஜனாகவே எழுதப்படலாயிற்று. கரியும் அமிலமும் வாயுவும் கூடிய 'கரியமிலவாயு' மட்டும் எவ்வகுப்பிற்கும் அஞ்சாமல் பேச்சுவழக்கில் இன்றளவும் வாழ்கிறது.

இம்மாற்றத்தைக் குறைகூறுவது நோக்கமன்று. இயற்பியல் என்னும் சொல் பௌதிகத்தினும் தமிழ்க் காதுக்கு இனிது, பொருளும் தெளிவு. ஆயின் ஒவ்வொரு மாற்றமும் தனக்கு முந்தைய அலமாரியைப் பூட்டிச் சென்றுள்ளது. திறவுகோலை எங்கேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைத்தவை சிதறிக் கிடக்கின்றன.

இவ்விடர் தமிழுக்கே உரியதென எண்ணவும் வேண்டா. சர் சி. வி. இராமன் 1928 பிப்ரவரி 28இல் தம் கண்டுபிடிப்பை உறுதி செய்தார். அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் எழுதிய குறிப்பு இலண்டன் 'நேச்சர்' இதழில் மார்ச்சு 31இல் வெளிவந்தது. அதன் தலைப்பில் 'இராமன் விளைவு' என்னும் பெயர் இல்லை. புதுவகை இரண்டாந்தரக் கதிர்வீச்சு என்னும் பொருள்படவே தலைப்பு அமைந்தது. பெயர் பின்னரே பிறந்தது. பெயரை மட்டும் கொண்டு தேடுபவன் பிறப்புச் செய்தியைத் தவறவிடுகிறான். குழந்தைக்குப் பெயர்சூட்டும் முன் எழுதிய கடிதத்தில் அப்பெயரைத் தேடுவது போன்றதே அது.

சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1868ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து நோக்கியவர். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோது, அந்நிகழ்வை இந்நாட்டு மக்களுக்கு விளக்கும் சிறுநூலைப் பல மொழிகளில் வெளியிட முனைந்தவர். பஞ்சாங்கக் கணிதத்தைக் கண்ணால் கண்ட கணிப்போடு ஒத்துப்போகச் செய்ய வேண்டுமென வாதாடியவரும் அவரே. அக்கழகத்தின் பழைய இதழ்கள் இன்று இணையத்தில் பக்கம் பக்கமாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயின் அக்கால ஆங்கிலேயர் அவர் பெயரை 'ரகூநாத சாரி' என ஒலிக்குமாறு எழுதினர். அவ்வெழுத்துக்கூட்டலை அறியாதவர்க்கு அவர் அங்கு இல்லை.

கலைக்களஞ்சியமும் காலமும்

பழைய அறிவியற் செய்தியைப் படிப்பதில் ஒரு பயன் உண்டு. அதனைப் பாடநூல் தராது. பாடநூல் முடிவைச் சொல்லும். பழைய செய்தி முடிவு தெரியாதவரின் குரலில் பேசும். அக்குரலைக் கேட்க விரும்புவோர்க்குத் தமிழில் கிடைத்துள்ள பெருஞ்செல்வம், தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள். அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் உருவான அப்பணிக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கியவர் பெரியசாமித் தூரன். அவர் கவிஞர்; இசைப் பாடல்கள் இயற்றியவர். அறிவியற் களஞ்சியத்தை அமைக்க ஒரு கவிஞரைத் தேர்ந்தமை தற்செயலன்று. சொல்லின் எடையறிந்தவரே அப்பணிக்குத் தேவைப்பட்டார்.

முதற்றொகுதி வெளிவந்தது 1954இல். பத்தாம் தொகுதி 1968இல். அவ்விரு எல்லைகளுக்கும் இடையே மாந்தர் வானத்தையே மாற்றிவிட்டனர். முதற்றொகுதி அச்சான மூன்றாண்டுக்குப் பின்னரே, 1957 அக்டோபர் 4இல், ஸ்புட்னிக் ஏவப்பட்டது. பத்தாம் தொகுதி வெளிவந்த மறு ஆண்டில் நிலவில் மனிதன் காலூன்றினான். ஆகவே அகரவரிசையில் செல்லும் அக்களஞ்சியத்தில், அகரத்தில் தொடங்கும் பொருள் செயற்கைத் துணைக்கோள் அறியாத காலத்திலும், பின்வரும் எழுத்துகளில் தொடங்கும் பொருள் விண்வெளிப் பயணம் தொடங்கிய காலத்திலும் எழுதப்பட்டுள்ளன! எழுத்து வரிசையே கால வரிசையாகிவிட்ட விந்தையை வேறெங்கும் எளிதில் காணவியலாது. 2001இல் இணையத்தில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இத்தொகுதிகள் உள்ளன. புளூட்டோவை ஒன்பதாம் கோளென்று படித்து வளர்ந்தவர், 2006இல் அப்பெருமை பறிக்கப்பட்ட பின் இவற்றைப் படிப்பாராயின், அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் விதம் விளங்கும்.

களஞ்சியத்திற்கு முன்னும் பின்னும் உழைத்தோர் பலர். திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த வழக்கறிஞர் பெ. நா. அப்புசாமி, 1917இல் 'தமிழர் நேசன்' இதழில் அறிவியல் எழுதத் தொடங்கினார். எழுபதாண்டுக்கு அண்மையான எழுத்து வாழ்வு வாழ்ந்து 1986இல் மறைந்தார். ஹாலியின் இரு வருகைகளும் அவர் வாழ்நாளுள் அடங்கின. கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்', மணவை முஸ்தபா ஆசிரியராக இருந்து வளர்த்த 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய 'துளிர்' எனத் தொடரும் வரிசை நீண்டது.

ஆயின் காலம் அறியாது படிக்கும் பழஞ்செய்தி நஞ்சாதலும் உண்டு. 2003 ஆகஸ்டு 27இல் செவ்வாய்க் கோள் பூமிக்கு மிக அணுக்கமாக, ஏறத்தாழ 5 கோடியே 58 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் வந்தது. எழுபத்தைந்து மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் அது, வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தோன்றும் அளவில் தோன்றும் எனச் செய்தி பரவிற்று. நாளடைவில் தொலைநோக்கி உதிர்ந்தது, ஆண்டும் உதிர்ந்தது. எஞ்சிய செய்தி, வானில் இரு நிலவு தோன்றும் என்பதாகி, ஆகஸ்டு தோறும் மின்னஞ்சலிலும் அலைபேசியிலும் வலம்வந்தது. மாடியேறி நின்று ஏமாந்தோர் எத்தனையோ பேர். செய்தியில் பொய் இல்லை, நாள் இல்லை. 1910ஆம் ஆண்டின் பாட்டில் தலைப்பிலேயே ஆண்டைப் பொறித்த கவிஞரை இவ்விடத்தே நினைவுகூர வேண்டும்.

புதிய தாளுக்கும் கரையான் உண்டு

தமிழ் எழுத்து இணையமேறிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று கவிதையால் ஆனது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அந்நாட்டின் பிற மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. அதற்கான எழுத்துருவை ஆக்குவதில் உழைத்தவர், தாமே எழுத்தாளரான நா. கோவிந்தசாமி. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். கவிஞர் தூரன் அறிவியலைத் தொகுத்தார். வேதியியலார் கல்யாணசுந்தரம் இலக்கியத்தைத் தொகுத்தார். காரைக்குடி ஆய்வகம் திறந்ததும் ஒரு பொங்கலன்றே என்பது வெறும் ஒற்றுமைதான், ஆயினும் இனிக்கிறது.

மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி ஏற்றினர். ஆகவே அங்குள்ளவற்றுள் சொல்லைத் தேடலாம். பெரும்பாலான எண்ணிம நூலகங்களில் உள்ளவையோ பக்கங்களின் நிழற்படங்கள். படத்திலுள்ள எழுத்தைக் கணினி தானே படித்தறியும் மென்பொருள் அண்மை ஆண்டுகளில் தமிழுக்கும் வந்துள்ளது. ஆயினும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சில், துதிக்கை வளைத்த 'லை'யும் 'னை'யும், வேறு வடிவில் அமைந்த 'றா'வும் 'னா'வும் அதனை மயக்குகின்றன. ஒரு பக்கத்தை மனிதக் கண் ஒப்புநோக்கித் திருத்தினாலன்றி அது படிக்கத்தக்கதாவதில்லை.

இணையத்திலேயே பிறந்த எழுத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தரப்படுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கிடைப்பட்ட காலத்தில் ஆர்வலர் எழுதிய அறிவியற் பக்கங்கள் பல, இன்று திறந்தால் உடைந்த குறிகளாகவே தோன்றுகின்றன. இலவசமாக இடமளித்த ஜியோசிட்டிஸ் தளம் 2009இல் மூடப்பட்டபோது, அதில் குடியிருந்த தமிழ்ப் பக்கங்களும் உடன் மறைந்தன. நூறாண்டுத் தாளைக் கோட்டையூரில் ஒருவர் காத்தார். பத்தாண்டுத் தளத்தைக் காக்க ஆளில்லாமற் போயிற்று. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எழுதியது போல, மறைந்துபோன தமிழ்த் தளங்களுக்கும் ஒரு பட்டியல் எழுதத்தக்க காலம் இதுவே. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மானகிரி மாணவியிடம் மீண்டு வருவோம். அவளுக்குத் தேவைப்படுவது கணினி அறிவன்று. அது அவளிடம் போதிய அளவு உண்டு. அவளுக்குத் தேவை ஒரு சொற்பட்டியல்: வால்மீனுக்கு நேரே தூமகேதுவும் வால்வெள்ளியும் வால்நட்சத்திரமும், இயற்பியலுக்கு நேரே பௌதிகம், வேதியியலுக்கு நேரே இரசாயனமும் கெமிஸ்தமும், ஒவ்வொன்றிற்கும் அது வழங்கிய ஏறத்தாழ ஆண்டு. இப்பட்டியலைப் பொறியாளர் ஆக்க முடியாது. பழைய சொல்லைக் காதால் அடையாளம் காண்பவரே ஆக்கக்கூடும். அவர்கள் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் மன்றங்களில் இருக்கிறார்கள். கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியைத் திரையில் விரித்து, ஒருவர்க்கு ஐம்பது பக்கம் எனப் பகிர்ந்து, வழக்கொழிந்த சொற்களைக் குறித்து, இன்றைய சொல்லை எதிரே எழுதினால், ஓராண்டுக் கூட்டங்களுக்குள் ஒரு தொகுதி முடியும். 'வ' வரும் தொகுதியிலிருந்து தொடங்கலாம். வால் முளைத்த சொற்கள் அங்கேதான் இருக்கும். ஹாலி மீண்டும் வருவது 2061ஆம் ஆண்டு ஜூலையில்.